வளர்த்த கடன்

அன்புள்ள ஐயா,

பண்டைய கிரேக்கம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். பெற்ற அப்பனையே கட்டிப்போட்ட ஜீயஸைக் கும்பிட்டவர்களுக்கு, பெற்றோரைக் காப்பதெல்லாம் பெரிய கடமையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். சரிதானா? சொந்தக் காரணத்துக்காகத்தான் கேட்கிறேன். எனக்கு ஆறு வயதில் வீட்டைவிட்டுப் போன அப்பா இப்போது படுத்த படுக்கையாம். சித்தப்பா தினமும் ஃபோன் செய்கிறார். நான் எடுப்பதில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நேர்மாறாகத்தான் இருந்தது. ஜீயஸே அப்படிச் செய்தாரே என்று காட்டி அப்பா மீதே கொலை வழக்குப் போட்ட யூதிஃப்ரோ என்பவர் மீது சொந்தக்காரர்கள் கோபப்பட்டதாகத் தத்துவஞானி பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

ஏதென்ஸில் ஆர்கன் என்ற உயர்பதவிக்கு வருபவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். உன் அப்பா யார், தாத்தா யார், அம்மா யார்? குலதெய்வமான அப்பல்லோவும் வீட்டு முற்றத்து ஜீயஸும் உனக்கு உண்டா, எங்கே? குடும்பத்துக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன? பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா? வரி கட்டினாயா, போருக்குப் போனாயா என்பதெல்லாம் அப்புறம்தான். பெற்றோருக்குச் சோறு போடாதவன் மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்; குற்றம் உறுதியானால் குடியுரிமைகள் பறிபோகும்.

ஆனால் அந்தக் கடமைக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: வளர்த்ததற்கு ஈடு. நாம் வாங்கிய பணத்தையும் கடன் என்கிறோம், செய்யவேண்டியதையும் கடன் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ட்ரோய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் 4ஆம் பகுதியில் சிமோயிசியஸ் என்று ட்ரோய் பக்கத்துப் பையன் ஒருவன் வருகிறான். மந்தையைப் பார்க்கத் தன் பெற்றோரோடு போன அவன் அம்மா, மலையிலிருந்து இறங்கும் வழியில் சிமோயிஸ் ஆற்றங்கரையில் பெற்ற பிள்ளை. அதனால் அந்தப் பெயர். போரில் கிரேக்க வீரன் ஏஜாக்ஸின் ஈட்டி அவனுடைய வலது மார்புக் காம்பை ஒட்டிப் பாய்கிறது. வளர்த்தவர்களுக்கு அவன் அந்த ஈட்டைத் தராமல் போனானே என்கிறார் ஹோமர். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

கடன் என்றால் கொடுத்தவர்தானே திருப்பிக் கேட்கலாம்? மகனுக்கு ஒரு தொழில் கற்றுத்தராத அப்பா வயதான காலத்தில் அவனிடம் சோறு கேட்க முடியாது என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் சட்டம் போட்டதாக, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய ப்ளூடார்க் சொல்கிறார். இதைவிடக் கொடுமையான நிலைக்கும் சட்டம் இருந்தது. மகனைப் பணத்துக்காகப் பிறர் படுக்கைக்கு அனுப்பிய அப்பா. அந்தப் பையன் வளர்ந்தபின் அவருக்குச் சோறு போட வேண்டாம், தங்க இடமும் தர வேண்டாம். இறந்தால் அடக்கம் செய்து சடங்குகளை மட்டும் முடிக்க வேண்டும். கிமு 4ஆம் நூற்றாண்டில் ஈஸ்கினீஸ் என்ற ஏதென்ஸ் பேச்சாளர் நீதிமன்றத்தில் இதற்குக் காரணம் சொல்கிறார்: இறந்தவருக்கு அந்த நன்மை தெரியப்போவதில்லை, அங்கே மதிக்கப்படுவது சட்டமும் தெய்வமும்தான்.

அந்தப் பையனிடம் யாரும் மன்னிக்கச் சொல்லவில்லை, பாசம் காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

உங்களை வளர்த்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவோ பாட்டியோ, கடன் அவர்களுக்குத்தான். அப்பாவைப் போய்ப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் முடிவு. ஆனால் சித்தப்பாவின் ஃபோனை எடுங்கள். கொள்ளி வைக்க நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.