பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்குவதற்கு முன் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

கேட்டவருக்குக் கிடைக்கவிருப்பது குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வெளியே தெரியும் பழைய 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல். பர்மிங்காம் முத்திரை, குழல் முழுக்க டமாஸ்கஸ் கோலம், தோட்டா உட்காரும் அறையின் நீளம் 2½ (அங்குலம்) என்று குத்தியிருக்கிறது. விற்பவர், “இன்றைய தோட்டா தடையில்லாமல் உள்ளே போகிறது, தாராளமாகச் சுடலாம்” என்கிறாராம். நம்பலாமா, வேறு என்ன பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

தோட்டா உள்ளே போவது எதற்குமே சான்று இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து இருக்கிறது.

தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. (2¾ அங்குலம்) என்று போட்டிருப்பது, சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருக்கும், அதனால் அது பல மி.மீ. குட்டையாகவே இருக்கும். 65 மி.மீ. (2½ அங்குலம்) அறைக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும், மூடவும் மூடும். சுட்டவுடன் உறையின் வாய் விரிய இடம் தேடும். அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் கூம்புப் பகுதியில் போய் விரியும். ரவையும் அடைப்பானும் அந்த நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். அழுத்தம் ஏறும். இன்றைய தோட்டாக்களில் பல, நீளம் ஒருபுறம் இருக்க, அந்தக் காலத் தோட்டாக்களைவிட வலுவாகவே நிரப்பப்படுகின்றன. ஆக விற்பவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து “சுடலாம்” என்ற முடிவுக்கு வர முடியாது.

அறையை அளக்க அதற்கென்றே கேஜ் (அளவுக் கருவி) உண்டு. இல்லாவிட்டால் ஆறு அங்குல எஃகு ஸ்கேலை அறையின் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். கூம்பு தொடங்கும் இடத்தில் முனை லேசாகத் தட்டும். அதுதான் அறையின் நீளம். இரண்டு குழலையும் தனித்தனியாகப் பாருங்கள். 2½ என்று குத்தியிருந்து, ஸ்கேல் 2¾ காட்டினால், யாரோ பின்னால் அறையை நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மறுபடி, குழலின் வலுவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் சோதனைச் சாலைக்குப் போனதா என்பதைக் குழலின் அடியில் உள்ள முத்திரைகள்தான் சொல்லும்.

இந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த பிறகு எனக்குத் துப்பாக்கி பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. செதுக்கு வேலை, வால்நட் கட்டையின் ரேகை எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் குழலைக் கழற்றித் திருப்பி, அடியில் தட்டையாக இருக்கும் இடத்தைத்தான் பார்ப்பேன். பிரிட்டனில் லண்டனிலும் பர்மிங்காமிலும் (இது 1813-லிருந்து) சோதனைச் சாலைகள் உண்டு. அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சாலை நீள்வட்டத்துக்குள் தன் எழுத்துகளைக் குத்தும். அதன்மேல் கிரீடம் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பிந்தையது. ‘நாட் ஃபார் பால்’ என்று குத்தியிருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதித்த பிரிட்டிஷ் குழல், சோக் (வாய்ப்பக்கம் குழல் குறுகுவது) உள்ளது, ஒற்றைக் குண்டு சுடக் கூடாது என்று பொருள். அமெரிக்காவில் இப்படி அரசுச் சட்டப்படியான சோதனைச் சாலை இல்லை, தொழிற்சாலைகளே சோதித்துக்கொண்டன. பார்க்கர், எல்.சி.ஸ்மித் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகளை வாங்குபவர் அளவுக் கருவியைத்தான் நம்ப வேண்டும்.

முத்திரைகளில் எனக்கு முக்கியமானது குழலின் உள்விட்ட எண். 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையுள்ள 12 உருண்டைகள் வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம், அதாவது 0.729 அங்குலம், 18.5 மி.மீ. ஆனால் 12 போர் தோட்டா போடும் குழல் எல்லாம் சரியாக 0.729 இருப்பதில்லை. அதனால் 1954-க்கு முந்தைய பிரிட்டிஷ் முத்திரைகளில் படிப்படியாக ஒரு வரிசை வைத்திருந்தார்கள்: 13 என்றால் 0.710, 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740. அடுத்த படியைத் தொடாதவரை முந்தைய எண்ணையே குத்துவார்கள். 1954-க்குப் பிறகு நேரடியாகவே அங்குலத்தின் ஆயிரத்தில் எழுதத் தொடங்கினார்கள். பெல்ஜியக் குழலில் மி.மீ. கணக்கில் 18.4 என்பதுபோல இருக்கும்.

சோதனை நாளன்று குழல் எப்படி இருந்தது என்பதைக் குத்திய எண் சொல்கிறது. இன்று எப்படி இருக்கிறது என்பதை உங்கள் கேஜ் சொல்லும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் துப்பாக்கியின் வாழ்க்கை இருக்கிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில், கேஜ் எதுவும் இல்லாத காலத்தில், ஒரு டமாஸ்கஸ் குழல் துப்பாக்கி வாங்கினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி. ஒரு புள்ளி துரு கிடையாது. விற்றவரும் அதைத்தான் காட்டினார். அடியில் இரண்டு குழலிலும் 13/1 என்று குத்தியிருந்தது, அப்போது எனக்கு அது என்னவென்று தெரியாது. ஓராண்டு கழித்து, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வாங்கி, 0.729 வளையத்தில் பூஜ்யம் வைத்து, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்தேன். பிரிட்டிஷ் வழக்கத்தில் அளக்கும் இடம் அதுதான். இடது குழல் 0.726. சரி, படிக்குள்தான் இருக்கிறது. வலது குழல் 0.735. மறுபடி பூஜ்யம் பார்த்து மறுபடி அளந்தேன், அதே 0.735.

குத்திய அன்று 0.729-ஐத் தொடாத குழல் இது. குறைந்தது ஆறு ‘தவ்’ உலோகம் போயிருக்கிறது (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தவ் என்பார்கள்). வலது குழலில் துரு குழி போட்டிருக்கிறது, யாரோ அதைக் கடைந்து பளபளப்பாக்கியிருக்கிறார்கள். நான் கண்ணாடி என்று மயங்கினேனே, அந்தப் பளபளப்புதான் நோயின் அடையாளம். உட்புறம் படியைத் தாண்டிவிட்டதால் பழைய முத்திரை இனி செல்லாது. மறுபடி சோதித்து முத்திரை வாங்காமல் அதை பிரிட்டனில் விற்கவே சட்டம் இடம் தராது.

அப்புறம் சுவரின் கனம். உள்விட்டத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் வெளியேயும் யாராவது அரம் போட்டுத் தேய்த்திருக்கலாம். போர் கேஜ் அதைக் காட்டாது. கனம் பார்க்கும் கருவி எளிமையானது: நிமிர்ந்து நிற்கும் நீளத் தண்டு, அதன் உச்சியில் ஒரு சிறு குண்டு, எதிரே டயல் கேஜின் முனை. குழலைத் தண்டின்மேல் மாட்டி, மெதுவாகச் சுற்ற வேண்டும். இந்தச் சுற்றுதலைத் தவற விடாதீர்கள். ஒரே இடத்தில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருப்பது பழைய குழல்களில் சாதாரணம். என் வலது குழலில், பின்முனையிலிருந்து 13 அங்குலத்தில், மேல்பக்கம் 29 தவ். சுற்றச் சுற்ற முள் இறங்கி, அடிப்பக்கத்தில் 17-ல் நின்றது. கை நகத்தின் கனம்கூட இல்லை. துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். முன்கட்டையைத் தாண்டி என் இடது கை பிடித்த இடம் சரியாக அந்த 13-வது அங்குலம்.

மெல்லிய பகுதியில் 20 தவ் என்பதைப் பலர் கீழ் எல்லையாக வைத்திருக்கிறார்கள். இது சட்டம் இல்லை, அனுபவத்தில் வந்த கணக்கு. நான் 25-க்குக் கீழே இருந்தால் சுடுவதற்கென்று வாங்குவதில்லை. குழிகள் இருந்தால் அவற்றின் ஆழத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். அறையை ஒட்டிய பின்பகுதியில் அழுத்தம் மிக அதிகம், அங்கே இதைப் போலப் பல மடங்கு கனம் வேண்டும்.

டமாஸ்கஸ் என்பதற்காகவே பயந்து ஒதுக்க வேண்டாம், அந்தக் கோலத்துக்காகவே வாங்கவும் வேண்டாம். இரும்பும் எஃகும் மாற்றி மாற்றி அடுக்கி, கயிறு போல முறுக்கி, அந்தப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றிச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்த குழல் அது. லியேஜை ஒட்டிய வெஸ்த்ர் பள்ளத்தாக்கில் இதையே தொழிலாக வைத்திருந்தார்கள், பல நாட்டு உற்பத்தியாளர்களும் அங்கிருந்து குழல் வாங்கினார்கள். சுற்றுகளின் ஒட்டில் உள்ளுக்குள் துரு ஓடியிருந்தால் எந்த கேஜும் காட்டாது. சுடுவதா வேண்டாமா என்பதைப் பழைய குழல் தெரிந்த துப்பாக்கிக் கம்மியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மலிவான சாதாரண எஃகுக் குழலில் மேலே மட்டும் கோலம் போட்டு ஏமாற்றியதும் உண்டு, முன்கட்டையைக் கழற்றினால் அடியில் கோலம் தொடர்கிறதா என்று தெரிந்துவிடும்.

சோக் அளப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வாயில் செருகிப் பார்க்கும் தகட்டு கேஜ் மலிவாகக் கிடைக்கும். அது குழல் 0.729 என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது. சோக் என்பதோ அந்தந்தக் குழலின் உள்விட்டத்துக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசம். 40 தவ் இருந்தால் முழு சோக், 20 அரை, 10 கால். வாய் 0.709 என்றால் தகடு அரை சோக் என்று சொல்லும். குழல் கடைந்து 0.739 ஆகியிருந்தால் உண்மையில் அது 30, முக்கால் சோக். வாயில் இரு குழலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்து, அதை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தால், சோக்கே இல்லாவிட்டால், குழலை யாரோ வெட்டிக் குறைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கருவியில்லாமல் செய்யும் இரண்டு சோதனைகள் உண்டு. கழற்றிய குழல்களை அடியில் உள்ள கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். இரு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் பற்று நன்றாக இருந்தால் கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் ஒலி அடைத்து, ஒரு கிர்ர் சத்தம் சேரும். இன்னொன்று, முன்கட்டையை எடுத்துவிட்டு, மூடிய குழலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. பின்முகத்துக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய தாள் நுழைந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. சரிசெய்யலாம், செலவு வைக்கும்.

கட்டையின் நீளம், தோளுக்கான இறக்கம், பக்கவாட்டுச் சாய்வு எல்லாம் உங்கள் உடம்பைப் பொறுத்தவை. பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளில் குதிகாலில் (கட்டையின் பின்முனை மேல்மூலையில்) 3 அங்குல இறக்கம்கூட இருக்கும், இன்று 2-க்குப் பழகியவருக்கு அது கழுத்தை வளைக்க வைக்கும்.

கடைசியாக நான் அளப்பதைப் பலர் அளப்பதில்லை, எனக்கு அதில் தனி ஆசை. என்னிடம் ஒரே எடையில், இரண்டும் கீல் ஊசியிலேயே சமநிலை கொள்ளும் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று கையில் எடுத்தவுடன் பறவையைத் துரத்தும். மற்றது நகரத் தயங்கும். காரணம், எடை நடுவில் குவிந்திருக்கிறதா, முனைகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது. இதை அளக்க, சம நீளமுள்ள இரண்டு நூல்களில், சமநிலைப் புள்ளியிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் துப்பாக்கியைப் படுக்கையாகத் தொங்கவிட்டேன். லேசாகத் திருப்பி விட்டு 20 ஆட்டத்துக்கு நேரம் எடுத்தேன். ஒன்று 42 விநாடி, மற்றது 46. எடையும் நூலின் அமைப்பும் ஒன்றாக இருந்தால், திருப்பத்துக்கான எதிர்ப்பு நேரத்தின் வர்க்கப்படி மாறும். கணக்குப் போட்டால் இரண்டாவது துப்பாக்கியைத் திருப்ப ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் முயற்சி வேண்டும். கை பல வருடமாகச் சொன்னதை எண்ணில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாட்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஸ்கேலும் போர் கேஜும் கனமானியும் உள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள். அறையின் நீளம், 9 அங்குலத்தில் உள்விட்டம், சுவரின் ஆக மெல்லிய இடம், இந்த மூன்றையும் குழலுக்குக் குழல் எழுதுங்கள், பக்கத்தில் முத்திரை சொல்லும் எண்ணையும். விற்பவர் அளக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். அளந்து எல்லாம் சரியாக இருந்தாலும் 2½ அங்குலத்துக்கென்றே செய்த, அந்த முத்திரையின் அழுத்தத்துக்குள் அடங்கும் தோட்டாவை மட்டும் தேடுங்கள். 2¾ வேண்டவே வேண்டாம்.