மேடும் பள்ளமுமான கடலடியில் குழாய் புதைப்பது: கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலான வட கடலில் (North Sea) குழாய் பதிக்கும் கப்பல்களில் சில வருடம் இருந்தவன் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கடலுக்கடியில் போகும் எல்லாக் குழாயையும் புதைத்துவிடுவார்களா?

இல்லை தம்பி. வட கடலில் 16 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள குழாய்கள் பெரும்பாலும் தரைமேல்தான் கிடக்கும். கான்கிரீட் போர்த்திய அந்தக் கனத்துக்கு மீன்பிடி இழுவலை மோதினாலும் தாங்கும். சின்னக் குழாய்களைத்தான் அவசியம் புதைப்பார்கள். கரைக்குப் பக்கத்தில் அலை புரட்டும் என்பதால் அங்கே மட்டும் பெரியதும் சின்னதும் உள்ளே போயாக வேண்டும்.

பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நிற்கட்டுமே சார், எஃகுதானே?

எடையை எஃகு தாங்கிக்கொள்ளும். கெடுப்பது நீரோட்டம். குழாயைக் கடக்கும் நீர் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். ஒவ்வொன்றும் குழாயை ஒரு தட்டு தட்டும். அரை மீட்டர் விட்டம், நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 5 நொடிக்கு ஓர் ஆட்டம். தொங்கும் நீளம் இரட்டிப்பானால் குழாய் இயல்பாக ஆடும் வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். இந்த இரண்டு தாளமும் ஒத்துப்போனால் குழாய் நாள்கணக்கில் ஆடிக்கொண்டே கிடக்கும், கடைசியில் வெல்டிங்கில் விரிசல் விழும். அதனால்தான் தொங்கும் நீளத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். மீறினால் அடியில் கல்லை நிரப்பி முட்டுக் கொடுப்போம்.

மிக மோசமான கடலடி எது?

என்னைக் கேட்டால் நார்வேயின் ஓர்மன் லாங்கே எரிவாயு வயல். பெயருக்கு ‘நீளப் பாம்பு’ என்று பொருள். ஒரு பழைய வைகிங் அரசனின் கப்பல் பெயர். சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் ஸ்டோரெக்கா என்ற இடத்தில் கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், விளிம்பே சரிந்து விழுந்தது. வயல் இருப்பது அந்தச் சரிவின் இடிபாடுகளுக்கு நடுவே, 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில். மலைச்சரிவில் உருண்ட பாறைக் குவியலைக் கடலுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். பல பத்து மீட்டர் மேடுகள், பக்கத்திலேயே பள்ளங்கள், நீரோ சுழியத்துக்கும் கீழே குளிர்.

அங்கிருந்து கரைக்கு 120 கிலோமீட்டர், 30 அங்குலக் குழாய்கள் இரண்டு. சரிவின் செங்குத்தான முகப்பில் ஏற வழி தேடுவதே பெரிய வேலை. முதலில் கடலடியை நுணுக்கமாக வரைபடமாக்கினார்கள். பிறகு மேட்டைச் சுற்றிப் பாதையை வளைத்தார்கள். வளைக்க முடியாத இடத்தில், கப்பலில் இருந்து இயக்கும் ‘ஸ்பைடர்’ என்ற தோண்டும் இயந்திரத்தை இறக்கி மேட்டைச் சீவினார்கள். பள்ளத்தில் நீண்ட குழாய் வழியாகக் கல் கொட்டினார்கள். 2007இல் எரிவாயு வர ஆரம்பித்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: வரைபடம், வளைவு, சீவல், நிரப்பல். புதைக்கும் பேச்சே இதற்கெல்லாம் அப்புறம்தான்.

கலப்பை என்கிறார்களே, வயலில் உழுவது போலவா?

அதேதான், கொஞ்சம் பெரிய உருவத்தில். குழாயைத் தரையில் கிடத்தியபின் கலப்பை அதை அலக்காகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், கொழு அடியில் மண்ணைப் பிளந்து போகும், குழாய் பின்னாலேயே அகழிக்குள் இறங்கும். கப்பல் இழுக்கும். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகப் பதித்த நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களையும் பால்டிக் கடலில் சில பகுதிகளில் இப்படித்தான் இறக்கினார்கள். சின்ன மேடுகளைக் கலப்பை தன் நீளத்தால் சமன்செய்துவிடும். பெரிய பாறை வந்தால் நின்றுவிடும். ஒருமுறை எங்கள் கப்பலில் வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையில் சிக்கி, ராத்திரி முழுக்கக் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணல் என்றால் நீரைப் பீய்ச்சிக் கரைத்து இறக்கலாம். கெட்டியான களிமண்ணுக்குச் சங்கிலிப் பற்களால் மண்ணை வெட்டும் இயந்திரம்.

புதைத்த குழாய் தானாக மேலே வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை, நேரில் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். கிணற்றிலிருந்து வரும் எண்ணெய் சூடானது. குழாய் 60 டிகிரி சூடேறினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 72 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். மண் பிடித்திருப்பதால் நீள வழியில்லை. குழாயின் எஃகுக்குள் நெருக்கும் விசை சேரும். அகழியின் அடியில் ஒரு சின்ன மேடு இருந்தால் போதும், அங்கே குழாய் வில் போல வளைந்து மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பும். ஆகவே அகழி வெட்டியபின் குழாயின் ஏற்ற இறக்கத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து, எழ வாய்ப்புள்ள இடங்களில் மட்டும் கூடுதலாகக் கல் ஏற்றுவோம். என் கருத்தில், சமமற்ற தரையில் அகழியின் ஆழத்தைவிட அதன் அடிமட்டம் எவ்வளவு நேராக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மணல்மேடு நகர்ந்தால்?

வட கடலின் தென்பகுதியில் பல மீட்டர் உயர மணல் அலைகள் மெல்ல நகர்கின்றன. முகட்டில் புதைத்தால் சில வருடத்தில் குழாய் வெளியே தெரியும். அதனால் முகட்டை முன்கூட்டியே தூர்வாரி, பள்ளத்தின் மட்டத்தை ஒட்டிப் படுக்க வைப்பார்கள்.

புதைத்துவிட்டால் நங்கூரத்துக்குப் பயமில்லைதானே அண்ணா?

எல்லா நங்கூரத்துக்கும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர் குழாயை ஒரு கப்பல் இழுத்துச்சென்ற நங்கூரம் கிழித்தது. 2024 ஏப்ரலில்தான் மறுபடி எரிவாயு ஓடியது. பெரிய கப்பலின் நங்கூரம் மென்மண்ணில் ஒரு மீட்டர் அகழியைவிட ஆழமாகவே இறங்கும். கப்பல் பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஆழத்தைக் கூட்டி மேலே கல் மூடுவார்கள். குழாய் முழுக்க அப்படிச் செய்யச் சொன்னால் எந்த முதலாளியும் காசு தரமாட்டார்.