ராக் இசையையும் திகில் ரசிகர்களின் உலகத்தையும் சேர்த்தே படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர் யாராவது உண்டா?

உண்டு. 2021 நவம்பரில் மறைந்த பிரிட்டிஷ் கலைஞர் மிக் ராக். இரண்டு துறைகளில் வேலை பார்த்தவர் என்று அவரைப் பற்றி எழுதுவது வழக்கம். ஆனால் அவர் எடுத்தது எப்போதும் ஒரே படத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்: இருட்டுக்குள்ளிருந்து மேலெழும், வெள்ளை பூசிய ஒரு முகம். டிஜிட்டல் வருவதற்கு முன்பு சில ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவியவன் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1972 ஜூலையில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியிலிருந்த ஒரு திரையரங்கில், அடுத்தடுத்த இரவுகளில், முதலில் ராக் பாடகர் லூ ரீடும் பிறகு இன்னொரு ராக் பாடகர் இக்கி பாப்பும் மேடையேறினார்கள். மிக் ராக் இரண்டு இரவும் அங்கே இருந்தார். அந்த இரண்டு இரவுகளின் படங்களே பின்னர் 'டிரான்ஸ்ஃபார்மர்', 'ரா பவர்' ஆகிய இசைத்தட்டுகளின் அட்டைகளாயின. அவற்றில் லூ ரீடின் படம் அச்சிடும்போது தற்செயலாக ஃபோகஸ் விலகிப்போனது. அந்தப் பிழையே மிக் ராக்குக்குப் பிடித்துப்போக, அதை மறுபடியும் கொண்டுவரப் பலமுறை முயன்று அச்சிட்டார்.

இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அச்சில் கறுப்பாக வரவேண்டிய இடங்கள்தான் நெகட்டிவில் தெளிந்த கண்ணாடிபோல் இருக்கும். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியான என்லார்ஜரின் ஒளி அவற்றின் வழியே இறங்குகிறது. லென்ஸ் ஓர் இழை நகர்ந்தாலும் அந்த ஒளி பக்கத்திலிருக்கும் வெளிச்சப் பகுதிக்குள் கசிந்து, தாளில் கறுப்பாகப் படரும். டெவலப்பர் தட்டில் தாளை ஆட்டிக்கொண்டிருக்கையில் கண்குழியின் கருமை கன்னத்தை நோக்கிப் பரவுவதை நானே பார்த்திருக்கிறேன். நமக்கு அது வீணான தாள், குப்பைக்கூடைக்குப் போய்விடும். அந்த அட்டையில் லூ ரீடின் முகம், பழைய பயங்கரப் படங்களில் பிணங்களைத் தைத்து உயிர்கொடுத்த உருவத்தைப்போல் எனக்குத் தோன்றுவதற்கு ஒப்பனை பாதிக் காரணம் என்றால், இந்தக் கசிவு மறுபாதிக் காரணம்.

அப்படிப்பட்டவர் 1974இன் இறுதியில் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' படப்பிடிப்புக்குக் கேமராவுடன் போனதில் வியப்பில்லை. லண்டனில் 1973இல் அறுபத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட மாடியரங்கில் தொடங்கிய ஓர் இசை நாடகத்தின் திரைவடிவம் அது. படமாக்கிய ஓக்லி கோர்ட் மாளிகையிலும் பிரே ஸ்டூடியோவிலும்தான் ஹாமர் நிறுவனம் அதற்கு முன் தன் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் வரிசைப் படங்கள் பலவற்றை எடுத்திருந்தது. சூடேற்ற வசதிகூட இல்லாமல் பாழடைந்து கிடந்த மாளிகை. குளிரில் நனைந்து நடித்த சூசன் சரண்டன் நிமோனியாவில் விழுந்தார். ஒப்பனையை வடிவமைத்தவர் பியேர் லா ரோஷ். ராக் பாடகர் டேவிட் போவியின் முகத்தில் மின்னல் வரைந்த அதே கை! போவியை 1972 முதல் விடாமல் படமெடுத்தவர் மிக் ராக். ஆக, ராக் மேடையின் ஒப்பனைக்காரரும் ஒளிப்படக்காரரும் அப்படியே திகில் மாளிகைக்குள் நுழைந்தார்கள். முகப்பூச்சு மாறவில்லை, கூடம்தான் மாறியது.

1974இல் வெளியான, குயீன் இசைக்குழுவின் 'குயீன் 2' இசைத்தட்டின் அட்டையும் மிக் ராக்குடையதே. 1932ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் மார்லீன் டீட்ரிக் நின்ற கோலத்தை அடியொற்றி, கறுப்புக்குள் நான்கு முகங்களை மட்டும் மிதக்கவிட்டார். ராக் இசை ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். என் கண்ணுக்கு அது ஒரு பேய்ப்படத்தின் சுவரொட்டி.

1975இல் திரைக்கு வந்த 'ராக்கி ஹாரர்' முதலில் தோற்றுப்போனது. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கிய பிறகுதான், பாத்திரங்களைப்போலவே உடுத்தி, திரையோடு சேர்ந்து வசனம் பேசும் ரசிகர் கூட்டம் திரண்டது. அமெரிக்காவில் 1990 வரை அதன் வீடியோ நாடா விற்பனைக்கு வரவில்லை என்பதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். நிறுத்திப் பார்க்க வழியில்லாத அந்த ஆண்டுகளில், புருவக்கோடு எங்கே முடிகிறது, உதட்டுச்சாயம் எவ்வளவு தடிமன், கழுத்துமணியில் எத்தனை முத்துகள் என்று கண்ணாடி முன் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, மிக் ராக் எடுத்ததுபோன்ற ஓர் அசையாத படம் தேவைப்பட்டது.