கூகுள் டிரைவும் ஒரு ஹார்டு டிஸ்கும் இருந்தால் பேக்கப் போதுமா?

"லேப்டாப்பில் பத்து வருடப் படங்களும் வேலை ஃபைல்களும் இருக்கின்றன. கூகுள் டிரைவில் தானாக சிங்க் ஆகிறது. மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலும் காப்பி போடுகிறேன். இது போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஹார்டு டிஸ்கை வேறொருவருடைய கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்று, நீங்கள் அடிக்கடி தொடாத ஃபோல்டரிலிருந்து ஏதாவது ஒரு ஃபைல், இந்த மூன்றையும் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசிவரை ஓட விடுங்கள். உங்கள் லேப்டாப்பிலேயே மாட்டிப் பார்க்காதீர்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் என் லேப்டாப்பிலேயே மாட்டிப் பார்த்து ஏமாந்தவன்.

என் அத்தை கதை சொல்வதில் கெட்டிக்காரர். அவரிடம் போகும்போதெல்லாம் போனை அருகில் வைத்துப் பதிவு செய்வேன். நான்கு வருடத்தில் 46 பதிவுகள் சேர்ந்தன, எல்லாம் சேர்த்து ஒன்றரை ஜிபி இருக்கும். லேப்டாப்பின் டி டிரைவில் அவற்றுக்கென்று தனி ஃபோல்டர். எளிதாகத் திறப்பதற்காக டெஸ்க்டாப்பில் அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தேன். மாதக் கடைசியில் டெஸ்க்டாப்பில் இருக்கும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஹார்டு டிஸ்குக்கு இழுத்துப் போடுவது என் வழக்கம். காப்பி முடிந்ததும் ஹார்டு டிஸ்கில் அந்த ஃபோல்டரைத் திறந்தும் பார்ப்பேன். 46 பதிவுகளும் வரிசையாகத் தெரியும். சரி, பத்திரமாக இருக்கிறது என்று டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன்.

ஒருநாள் லேப்டாப்பின் டிஸ்க் டிக், டிக் என்று சத்தம் போட்டது. அப்புறம் விண்டோஸ் ஏறவே இல்லை. தம்பியின் கம்ப்யூட்டரில் என் ஹார்டு டிஸ்கை மாட்டி அந்த ஃபோல்டரை கிளிக் செய்தேன், திறக்கவில்லை. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஐகானின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. ப்ராப்பர்டீஸில் அளவைப் பார்த்தால் 2 கேபி. இத்தனை மாதமாக நான் காப்பி செய்தது அந்த ஷார்ட்கட்டை மட்டும்தான். ஷார்ட்கட் என்பது ஃபைல் எங்கே இருக்கிறது என்ற முகவரி, அவ்வளவுதான். என் லேப்டாப்பில் மாட்டியபோது அது டி டிரைவுக்குப் போய் அங்கிருந்த பதிவுகளைக் காட்டியது, நான் ஹார்டு டிஸ்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அத்தை அதற்கு முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார். அந்தக் குரலை இனி யாரிடம் போய்ப் பதிவு செய்வது? தம்பிக்கு அவ்வப்போது மெயிலில் அனுப்பிய 11 பதிவுகள் மட்டும் அவனுடைய இன்பாக்ஸில் கிடந்தன. மற்ற 35 போனது போனதுதான்.

இதில் இன்னொரு தவறும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் போட்ட டிஸ்கை ஆன் செய்து, ஆஃப் செய்து, இருபது முறையாவது முயன்று பார்த்தேன். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோனபோது, உள்ளே இருக்கும் தட்டு கீறிப் போய்விட்டது என்றார். பழைய வகை ஹார்டு டிஸ்கில் தட்டு சுழலும்போது, அதைப் படிக்கும் பாகமான ஹெட் அதன்மேல் மயிரிழை இடைவெளியில் மிதக்கும். ஹெட் கெட்டுப்போன நிலையில் மறுபடி மறுபடி சுழல விட்டால் மிச்சம் இருப்பதையும் அது சுரண்டிவிடும். ஆகவே அப்படி ஒரு சத்தம் கேட்டால் உடனே கரன்ட்டைத் துண்டித்துவிடுங்கள், இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள். சுழலும் தட்டே இல்லாத புது வகையான எஸ்எஸ்டியில் இந்தச் சத்தம் வராது, அது பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். அதில் தவறுதலாக டெலிட் செய்ததை மென்பொருள் கொண்டு மீட்பதும் பெரும்பாலும் நடக்காது. டிரிம் என்ற வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடுகிறது.

இனி உங்கள் கூகுள் டிரைவுக்கு வருகிறேன். சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே ஒரு ஃபோல்டரை டெலிட் செய்தால் அங்கேயும் டெலிட் ஆகும். அங்கே குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு போய்விடும். பத்து வருடப் படங்களில் ஒரு வருட ஃபோல்டர் காணோம் என்பதை 30 நாளுக்குள் கவனிப்பீர்களா? நான் கவனித்திருக்க மாட்டேன். லேப்டாப் தொலைந்தால், டிஸ்க் செத்தால் சிங்க் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் கைத்தவறிலிருந்து அது காப்பாற்றாது. அதைவிட, அந்த அக்கவுன்ட் பூட்டப்பட்டாலோ பாஸ்வேர்டு திருடு போனாலோ எல்லாம் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போய்விடும்.

ஹார்டு டிஸ்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. காப்பி முடிந்ததும் கழற்றி வைக்கிறீர்களா, லேப்டாப்பிலேயே செருகியபடி விடுகிறீர்களா? 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அந்த மாதிரி வைரஸ்கள் சி டிரைவோடு நிற்பதில்லை, செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றி வைத்த டிஸ்கை அவற்றால் தொட முடியாது.

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவலாக்கியது. அசலையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். இந்தக் கடைசி 'ஒன்று வேறு இடத்தில்' என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. அசலும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. அலமாரியில் இருக்கும் உங்கள் ஹார்டு டிஸ்கும் லேப்டாப் இருக்கும் அதே வீட்டில்தானே இருக்கிறது. இன்னொரு டிஸ்க் வாங்கி, காப்பி போட்டு, அக்காவிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் இரண்டையும் மாற்றிக்கொண்டால் போதும். எனக்கு அந்த 11 பதிவுகள் மிஞ்சியது அவை தம்பியிடம் இருந்ததால்தான், என் சாமர்த்தியத்தால் இல்லை.

கையால் இழுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். மேக் என்றால் தானாக பேக்கப் எடுக்கும் டைம் மெஷின் என்ற வசதி இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு பிரதி, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொன்று என்று டிஸ்க் நிறையும் வரை வைத்திருக்கும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி. ஆனால் அதில் கவனம் தேவை. அது தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறிப்பிட்ட ஃபோல்டர்களை மட்டும்தான். டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய ஃபோல்டர் இருந்தால் அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அளவை ஒப்பிடுங்கள். அசல் ஃபோல்டர் 80 ஜிபி, பேக்கப்பில் 12 ஜிபி என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரே ஒரு முறை அளவைப் பார்த்திருந்தால் அந்த 2 கேபி கண்ணில் பட்டிருக்கும்.

தானாக ஓடுகிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை டெலிட் செய்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில், வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியை வைத்து மீண்டார்கள். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த அறிக்கையைப் படித்த பிறகுதான் என்னுடையது கவனக்குறைவு மட்டும் அல்ல, யாருக்கும் நடக்கக்கூடியது என்று மனம் கொஞ்சம் ஆறியது.

இன்னொன்று, பாஸ்வேர்டு. பேக்கப் டிஸ்கைப் பூட்டி வைப்பது நல்லதுதான், குறிப்பாக வேறொருவர் வீட்டில் வைக்கும்போது. ஆனால் டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று தரும். அதை அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால், லேப்டாப் போகும் நாளில் சாவியும் சேர்ந்து போகும். காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் கூகுள் அக்கவுன்ட்டின் பேக்கப் கோடுகளுக்கும் இதே இடம்தான். போனும் லேப்டாப்பும் ஒரே பையில் தொலைந்தால் ஓடிபி எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, உங்களிடம் இருப்பது நல்ல ஆரம்பம். இரண்டாவது டிஸ்க் ஒன்றும், வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் பழக்கமும்தான் குறை. நான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் இருக்கும் டிஸ்கை அவனுடைய கம்ப்யூட்டரிலேயே மாட்டி, அந்த 11 பதிவுகளில் ஒன்றை முழுதாகக் கேட்பேன். பெரும்பாலும் ஏழாவது பதிவு. அதில் கதையின் நடுவே அத்தை நிறுத்தி, "அந்த மிஷின் ஓடுதா, இல்ல நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேனா?" என்று கேட்பார். "ஓடுது அத்தை" என்று என் குரல் வரும்.