சோதனை ஓட்டத் தாளை வைத்து, அலையில் கப்பல் எப்படித் திரும்பும் என்று கணிக்க முடியுமா?

பந்திங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கிள்ளான் துறைமுகத்தில் பாமாயில் ஏற்றும் 175 மீட்டர் டேங்கரின் திருப்பு வட்டத் தாள் (சோதனை ஓட்டத்தில் சுக்கானைத் திருப்பியபோது கப்பல் போட்ட வட்டத்தின் பதிவு) கையில் இருக்கிறது, தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவ அலையில் அதே கப்பல் எப்படித் திரும்பும் என்று கணிக்க அது போதுமா?

போதாது, தம்பி. அனைத்துலகக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, 35 பாகை சுக்கானில் வட்டத்தின் விட்டம் கப்பல் நீளத்தைப் போல 5 மடங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் டேங்கருக்கு அது 875 மீட்டர். ஆனால் அந்த அளவு ஆழமான, அமைதியான நீருக்கானது. அலையைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியைப் பாருங்கள். குழியில் இறங்கி ஏறும்போது குலைகள் எகிறும், ஆனால் லோரி கால்வாய்ப் பக்கம் ஒதுங்குவது அந்தக் குலுக்கலால் இல்லை. சாலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, அதனால்தான். அலையும் அப்படித்தான் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று ஆட்டம். அது அலை உயரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும், ஒவ்வொரு அலைக்கும் போய்த் திரும்பும், சராசரி எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மற்றது விடாத ஒரு தள்ளு. பார்க்கச் சிறியது, ஆனால் உயரத்தின் வர்க்கத்தில் வளரும். 2 மீட்டர் அலை 4 மீட்டரானால் ஆட்டம் இரண்டு மடங்கு, தள்ளு நான்கு மடங்கு. கப்பலின் பாதையை நகர்த்துவது இந்தத் தள்ளுதான்.

ஆகவே முதலில் அமைதி நீருக்கான மாதிரியைச் சரிசெய்யுங்கள். உடல், புரொப்பெல்லர், சுக்கான் மூன்றையும் தனித்தனியே கணக்கிடும் ஜப்பானிய எம்எம்ஜி முறை இதற்கு நல்லது. 35 பாகை வட்டமும் 10/10 ஜிக்ஜாக்கும் (சுக்கானை 10 பாகை திருப்பி, கப்பல் 10 பாகை திரும்பியதும் மறுபக்கம் மாற்றும் சோதனை) தாளோடு ஒத்துப்போகும் வரை அலையைத் தொடாதீர்கள். இங்கே மிஞ்சும் பிழையை அலை விசையால் மூடிமறைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அடுத்து தள்ளுவிசை அட்டவணை. முன்பின் விசை, பக்க விசை, திருப்பு முறுக்கு ஆகிய மூன்றும் வேண்டும். அலைத் திசைக்கு 15 பாகைக்கு ஒன்று, வேகத்துக்குப் பூஜ்யம் முதல் முழு வேகம் வரை நாலைந்து. வட்டமடிக்கும் கப்பல் எல்லாத் திசையிலும் அலையை வாங்கும், வேகத்தையும் இழக்கும், அதனால் ஒரே வேகத்துக்குப் போட்ட அட்டவணை உதவாது. ஒரே உயரத்தில், கப்பலை விட வெகு நீண்ட அலையைக் காட்டிலும் குட்டை அலை அதிகம் தள்ளும். நீண்ட அலையில் கப்பல் அதோடு ஏறி இறங்கிவிடும், குட்டை அலையோ உடலில் பட்டுத் தெறிக்கும். கப்பலைக் குறுக்கே துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் வழக்கமான பட்டைக் கோட்பாட்டு மென்பொருள் இந்தத் தெறிப்பைக் குறைத்தே காட்டும். திருத்தம் சேர்க்காவிட்டால் வட்டம் நகரும் தூரம் குறைவாக வரும்.

இன்னொன்று, எஞ்சின் சுற்றுவேகம் மாறாது என்று எழுதிவிடாதீர்கள். அலையில் புரொப்பெல்லருக்குச் சுமை ஏறும், முறுக்கு எல்லையைத் தொட்டதும் சுற்று குறையும், சுக்கானுக்குப் போகும் நீரோட்டமும் அதோடு குறையும்.

பிறகு தள்ளுவிசையை மெதுவான கணக்கிலும் ஆட்டத்தை வேகமான கணக்கிலும் பிரித்து ஓட்டலாம். எதிரலையில் இது நன்றாக நிற்கும். 8 விநாடி அலையின் நீளம் 100 மீட்டர், வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர். 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில், அதாவது விநாடிக்கு 7.2 மீட்டரில் எதிர்த்துப் போனால் 5 விநாடிக்கு ஓர் அலை வரும். முழு வட்டத்துக்கோ பல நிமிடங்கள் ஆகும். அலை பின்னாலிருந்து வந்தால் அதே அலை 19 விநாடிக்கு ஒன்றாகிவிடும். சுக்கானுக்குக் கப்பல் பதில் சொல்லும் நேரமும் சில பத்து விநாடிகள்தான். இரண்டும் நெருங்கிவிட்டால் பிரித்துக் கணக்கிடும் முறையையே நம்பக்கூடாது. கப்பலின் வேகத்தை அலை வேகம் ஒட்டி வந்தால், அலை முதுகில் ஏறிச் சுக்கானுக்குக் கட்டுப்படாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும் ஆபத்தும் உண்டு. அங்கே எல்லா அசைவையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

மலாக்கா நீரிணை ஓட்டப் பதிவுகளை இதற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். அங்கே ஆழக்குறைவும் நீரோட்டமும்தான் பெரிது.

சரிபார்க்க ஒரு சுற்று போதாது, 720 பாகை ஓடிய பதிவு வேண்டும். கப்பலின் முன்முனை (அணியம்) 90 பாகை திரும்பியபோது இருந்த புள்ளியையும், ஒரு சுற்று முடிந்து 450இல் இருந்த புள்ளியையும் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நீளத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் நகர்வு வேகம். காற்றும் நீரோட்டமும் அதில் கலந்திருக்கும், அவற்றைக் கழியுங்கள். நகர்வு அலை போகும் திசையிலேயே இருக்காது, சற்று விலகியிருக்கும், அது இயல்பு. ஆனால் உங்கள் கணிப்பில் வட்டம் அலையை எதிர்த்து நகர்ந்தால் முதலில் கூட்டல், கழித்தல் குறிகளையும் திசைக் கணக்கையும் பாருங்கள். அலையில் கப்பலின் ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் பலவற்றில் எதிரலை 180 பாகை, உங்கள் திருப்புச் சமன்பாட்டில் அதைப் பூஜ்யம் என்று வைத்திருப்பீர்கள்.