பெர்கமாட் கன்று வாங்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். ஊடே நின்ற கமலா ஆரஞ்சு மரங்கள் நோயில் போய்விட்டன. அந்த இடத்தில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை மரத்தை வைத்தால் அதன் பழத்தோல் எண்ணெய்க்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஒரு நர்சரிக்காரர் வந்து சொன்னார். ‘இத்தாலி ரகம்’ என்கிறார், முன்பணமும் கேட்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் எலுமிச்சைப்புல் காய்ச்சும் கொதிகலன் இருக்கிறது, அதிலேயே எண்ணெய் எடுத்துக்கொள்ளலாமா? வீட்டில் சோப்பும் உடம்புக்குத் தேய்க்கும் தைலமும் செய்கிறார்கள். அவற்றில் இந்த எண்ணெயைச் சேர்க்கலாமா?

பதில்: முன்பணத்தை மட்டும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அவர் காட்டிய கன்றின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலையை ஒட்டவைத்தது போல, காம்பே இலையளவு அகன்று ‘8’ வடிவில் இருந்தால் அது காஃபிர் லைம். தாய்லாந்துச் சமையலில் போடுகிற இலை. அந்த நாட்டில் ஷாம்பு பாட்டிலில் இதைத்தான் ‘பெர்கமாட்’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். காய் முழுக்கக் கரடுமுரடாகப் புடைத்திருக்கும். நல்ல மரம்தான், ஆனால் நீங்கள் விலை விசாரித்த எண்ணெய் இதில் வராது. உண்மையான பெர்கமாட்டின் காம்பில் சிறு சிறகுதான் இருக்கும். பழம் உருண்டையாகவோ சற்றே பேரிக்காய் வடிவிலோ இருக்கும், பழுத்தால் எலுமிச்சை மஞ்சளாகும்.

சரி, கன்று அசல் என்றே வைத்துக்கொள்வோம். எலுமிச்சையும் கசப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்த மரம் இது. உலகச் சந்தைக்கு இதன் எண்ணெயில் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவின் ரெஜ்ஜோ மாவட்டக் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையிலிருந்துதான் வருகிறது. ஃபெமினெல்லோ, கஸ்தஞ்ஞாரோ, ஃபந்தாஸ்திகோ என்று மூன்று ரகம். இப்போது அதிகம் நிற்பது மூன்றாவது. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வைக்கிறார்கள். குளிர்காலம் முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒரே வீச்சில் பூக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை பறிப்பார்கள். நவம்பரில் பச்சைக்காயாகப் பறித்தால் எண்ணெயும் பச்சை நிறம், லினலூல் என்ற மணப்பொருள் கூடுதல், மணம் கூர்மை. பிப்ரவரிக்குப் பிறகு பழுத்த பழத்தில் நிறம் மங்கி மணமும் தணிந்துவிடும். வாசனைத் திரவியம் செய்பவர்கள் எந்த மாதத்து எண்ணெய் என்று கேட்டு வாங்குவது இதனால்தான். நம் மலையில் நாரத்தைக் குடும்பம் மழையைப் பார்த்துப் பூக்கும். கமலா ஆரஞ்சே ஆண்டுக்கு இரண்டு போகம் கொடுக்கும். ஒரே மரத்தில் பல வயதுக் காய் நின்றால், ஒரே தரத்தில் எண்ணெய் கொடுப்பது எப்படி? வெப்பமண்டலத்தில் மரம் வளராது என்று நான் சொல்லவில்லை, மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டில் வளர்க்கிறார்கள். ஆனால் வாங்குபவர்கள் அதையும் ரெஜ்ஜோ எண்ணெயையும் வேறு வேறு சரக்காகத்தான் பார்க்கிறார்கள். ரெஜ்ஜோ எண்ணெய்க்கு 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப் பாதுகாப்புப் பெயரும் உண்டு, அதாவது அந்தப் பகுதி எண்ணெய்க்கு மட்டுமே அந்தப் பெயர். அந்த ஊர் விலையைத் தாண்டிக்குடி எண்ணெய்க்கு எதிர்பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

கொதிகலன் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். பெர்கமாட்டின் உயிர்நாடி லினலைல் அசிடேட் என்ற மணப்பொருள். பழத்தின் புளிப்புச் சாற்றோடு நீராவியில் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி சிதைந்து, எண்ணெயின் மணம் தட்டையாகிவிடும். இதன் எண்ணெய் தோலின் மேற்பரப்பில் சிறு சிறு பைகளில் இருக்கிறது. சூடு காட்டாமல் அந்தப் பைகளை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பழத்தை இரண்டாக வெட்டி, சதையை வழித்து எறிந்து, தோலை மட்டும் மண்பாத்திரத்தின் மேல் வைத்த கடற்பஞ்சில் அழுத்தித் திருகுவார்கள். பஞ்சில் ஊறியதைப் பாத்திரத்தில் பிழிந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். 1844-இல் நிக்கோலா பரில்லா என்பவர் இதற்கென ஒரு கைச்சுற்று இயந்திரம் செய்தார். இன்று சொரசொரப்பான உருளைகள் முழுப்பழத்தின் தோலைச் சீவ, தண்ணீர் தெளித்துக் கழுவி, சுழல் இயந்திரத்தில் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய 200 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ எண்ணெய். உங்கள் ஊடுபயிர் இடத்தில் வரும் சில டன் பழத்துக்காக அந்த இயந்திரத்தை இறக்குவது கட்டுப்படியாகாது. தவிர, அரபிகா காப்பிப் பறிப்பும் அதே நவம்பர்-டிசம்பரில் வந்தால் ஆள் எங்கே கிடைக்கும்?

இந்த எண்ணெய்க்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்றால், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் விற்ற ‘ஓ தெ கொலோன்’ தொடங்கி, இன்றுவரை வாசனைத் திரவியத்தில் முதலில் மூக்கில் படும் மணமாகப் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஏர்ல் கிரே தேயிலைக்கும் இதுவே மணம். பிரான்சின் நான்சி நகரில் இதைச் சேர்த்துத் தேன்நிறச் சதுர மிட்டாய் செய்கிறார்கள். கிராக்கி உள்ள இடத்தில் கலப்படமும் இருக்கும். ஆரஞ்சு எண்ணெயில் செயற்கை லினலூலும் லினலைல் அசிடேட்டும் கலந்து ‘பெர்கமாட்’ ஆக்கிவிடுகிறார்கள். மூக்கை வைத்து இதைப் பிடிப்பது கடினம், ஆய்வகச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் குப்பியை நம்பி நீங்கள் தைலத்துக்கு விலை வைக்க வேண்டாம்.

வீட்டுத் தைலத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குளிர்முறையில் எடுத்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும். கழுத்தில் சென்ட் தொட்டு வைத்த இடத்திலிருந்து வழிந்த தடத்திலேயே, பதக்கம் தொங்குவது போன்ற பழுப்புக் கறை விழுந்து மாதக்கணக்கில் மறையாமல் நின்ற கதைகள் தோல் மருத்துவ நூல்களில் இருக்கின்றன. காலையில் தைலம் தேய்த்துவிட்டு மிளகுக் கொடிக்குப் போகிறவருக்கு இது விளையாட்டல்ல. தோலில் தங்கும் பொருளில் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு அரை மில்லியும் வேண்டாம், எட்டுச் சொட்டு போதும். பெர்காப்டன் நீக்கிய எண்ணெய் தனியாக விற்கிறார்கள், தைலத்துக்கு அதையே வாங்கச் சொல்லுங்கள். கழுவிவிடும் சோப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நறுமண சிகிச்சையில் இதை முகர்ந்தால் மனப் பதற்றம் தணிகிறது என்று சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. முகர்ந்து பார்க்கலாம், நிம்மதியாக இருந்தால் நல்லது. ஆனால் நோய் தீர்க்கும் என்று லேபிளில் எழுதாதீர்கள், உள்ளுக்கும் கொடுக்காதீர்கள்.

கொதிகலனைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் பெர்கமாட் புதினாவைப் பாருங்கள். இது புதினா இனம். ஆனால் இதன் எண்ணெயிலும் லினலூலும் லினலைல் அசிடேட்டும்தான் முதன்மை. இலையில் அந்தப் புளிப்புச் சாறு இல்லை என்பதால் நீராவியிலேயே வடித்துவிடலாம், பெர்காப்டன் தொல்லையும் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் ‘கிரண்’ என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. காப்பி நிழலில் எண்ணெய் குறையும், வெயில் விழும் திறந்த பாத்தியில் கொஞ்சம் வைத்து ஒரு முறை வடித்துப் பாருங்கள். அந்த மாதிரியைக் காட்டி வாங்குபவரைப் பிடித்த பிறகு பரப்பைக் கூட்டலாம்.

பெர்கமாட் மரத்தின் மேல் ஆசை விடவில்லை என்றால் நாலைந்து ஒட்டுக்கன்று மட்டும் வையுங்கள். இத்தாலியிலிருந்து வந்த செடி என்றால் இறக்குமதி அனுமதிச் சீட்டும் தாவரத் தொற்றுத்தடுப்புச் சான்றும் இருந்தாக வேண்டும், காட்டச் சொல்லுங்கள். உங்கள் கமலா ஆரஞ்சு போனது கிரீனிங் நோயில் என்றால், அது சைலிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வழியாகவும் ஒட்டுக்குச்சி வழியாகவும் புதுக்கன்றுக்கும் வரும். பட்ட மரங்களை வேரோடு எடுக்காமல் அந்த இடத்தில் எந்த நாரத்தைக் குடும்பக் கன்றும் வைக்க வேண்டாம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். எஞ்சி நிற்கும் மரத்தின் இலையையும் நர்சரிக்காரர் கொடுத்த கன்றின் இலையையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.