மட்டி விட்டால் நைட்ரேட் இறங்குமா?

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40 பிபிஎம்மை விட்டு இறங்க மறுக்கிறது. மணலில் நாலைந்து மட்டிகளை விட்டால் ஃபில்டர் வேலையை அவை பார்த்துக்கொள்ளுமா?

பதில்: தண்ணீர் தெளியும், நைட்ரேட் இறங்காது. மட்டி ஒரு குழாயால் நீரை இழுத்து, செவுளில் நுண்பாசியையும் மிதக்கும் துகள்களையும் பிடித்துக்கொண்டு, மறு குழாயால் வெளியே விடுகிறது. தின்றதில் ஒரு பங்கை அம்மோனியாவாகக் கழிக்கிறது. பாக்டீரியா அதை மறுபடி நைட்ரேட்டாக்கிவிடும். இன்னொரு மீனை வாங்கி விட்ட கணக்குதான். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) நைட்ரேட்டை உறிஞ்சும் கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து, செழித்ததும் பாதியை அள்ளி வெளியே எறியுங்கள். அதோடுதான் நைட்ரஜன் தொட்டியை விட்டுப் போகும்.

கேள்வி: ஏற்கெனவே ஐந்து மட்டிகளை விட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் தண்ணீர் பால் போல் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஏன்?

பதில்: மட்டிகளின் பட்டினி. ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) ஃபில்டர் பையும் துகளையெல்லாம் எடுத்துவிட்டால் மட்டிக்கு மிஞ்சுவது என்ன? சதை மெலிந்து வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு மணலுக்குள்ளேயே செத்து அழுகும். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் தொல்லை.

உயிருள்ள மட்டிக்கு மேலே, மணலில் இரண்டு சிறு துளைகள் தெரியும். குச்சியால் தொட்டால் சட்டென்று மூடும். துளை காணவில்லையென்றால் தோண்டிப் பாருங்கள். தொட்டும் ஓடு மூடாமல் பிளந்தே கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அம்மோனியாவைச் சோதித்து, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள நீரால் பாதியை மாற்றுங்கள்.

இனி வைப்பதென்றால் ஒன்று போதும். மணல் 8 செ.மீ. ஆழமாவது வேண்டும். நுண்பாசித் திரவம் ஊற்றும்போது ஸ்கிம்மரை ஓரிரு மணி நேரம் நிறுத்துங்கள். தாமிரம் கலந்த மீன் மருந்து தொட்டிக்குள் வரவே கூடாது, மட்டி தாங்காது.

கேள்வி: ட்ரைடாக்னா என்னும் ராட்சத மட்டி நைட்ரேட்டை உறிஞ்சும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். அதன் சதைமடலில் வாழும் பாசி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பலத்த வெளிச்சம், 400–450 பிபிஎம் கால்சியம், 8–11 கேஎச் (நீரின் காரத்தன்மை அளவு) இல்லாமல் அது பிழைக்காது. 40 பிபிஎம்மை இறக்க அதை வாங்குவது வீண், அழகுக்கு வாங்குங்கள். இரவில் டார்ச் அடித்து ஓட்டின் அடிவிளிம்பைப் பாருங்கள்: அரிசி மணி போன்ற வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மட்டியை எடுக்கும்போது, பாறையில் அது பிடித்திருக்கும் நூலை மட்டும் இழுக்காதீர்கள், உள்சதை கிழியும்; பிளேடால் பாறையோரமாக அறுக்கவும்.